தோத்தவனுக்கு இன்னொரு மேட்ச்

அதைத்தான் சார் நானும் சொல்றேன். தோத்தா வீட்டுக்குப் போகணும். உலகத்துல எங்க வேணா போய்க் கேளுங்க, தோத்தவன் வீட்டுக்குப் போகணும்னுதான் சொல்லுவாங்க. உங்க லீக்ல மட்டும்தான் தோத்தவனுக்கு இன்னொரு மேட்ச். அதுவும் எங்க? அவன் சொந்த கிரவுண்டுலயே! இதை ஒரு சாதாரண மனுஷன் எப்படி சார் புரிஞ்சுக்குவான்? எங்க வீட்டுக்காரர் புல்லு வளக்கிறவரு. ரூல் போடறவரு இல்ல.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், உள்ள பையன் படுத்திருக்கான். என்ன பாக்கறீங்க, நீதான் கத்தறேன்னா? என் சத்தம் அவனுக்குப் பழகிப் போச்சு. பொறந்ததுல இருந்து கேக்கறான்.

அவரு இல்ல. கடைக்கு அனுப்பியிருக்கேன். இருந்தாலும் பிரயோஜனம் இல்ல சார், அவரு பேச மாட்டாரு. கேட்ட கேள்விக்கு ஆமா, இல்ல, அவ்வளவுதான். கல்யாணமான புதுசுல, என்ன கோவம் என் மேலன்னு நானே ஒரு மாசம் பயந்துக்கிட்டு இருந்தேன். கோவமே இல்ல, மனுஷன் சுபாவமே அதுதான்னு அப்புறம் தெரிஞ்சுது. அதனால என்னையே கேளுங்க. இந்த கிளப்புல எனக்குத் தெரியாம ஒரு ஈ பறக்காது. கேலரிக்குக் கீழ துணி துவைக்கிற ரூம் இருக்கு பாருங்க, அது என் ராஜ்யம். மொத்த டீமோட சட்டையும் என் கையாலதான் அலசி வெளிய வருது. எவன் ஓடினான், எவன் ஓடற மாதிரி நடிச்சான்னு சட்டையைப் பாத்தே சொல்லிடுவேன்.

ஆமா. கிளறினாரு. மேட்ச் முடிஞ்ச மறுநாள் காலையிலயே. உழவு மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போயி, நடுவுல ஆரம்பிச்சு, அந்தப் பக்கத்து கோல் கம்பம் வரைக்கும். யாரு இல்லன்னா? மறைச்சு வைக்க அது என்ன குண்டூசியா? அவ்வளவு பெரிய கிரவுண்டு, மேல் வரிசையில உக்காந்து பாத்தா வயித்தைக் கிழிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு. போற வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்துட்டு எங்க கதவு முன்னாடி நின்னு காறித் துப்பிட்டுப் போறான்.

ஆனா இது வருஷா வருஷம் நடக்கறதுதான் சார். அதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. சீசனோட கடைசி மேட்ச் முடிஞ்ச மறுநாளே மண்ணைக் கிளறிப் போட்டுடணும். மணல் கலக்கணும், புது விதை தூவணும், அப்புறம் அது முளைக்கிற வரைக்கும் எவன் காலும் படாம காவல் காக்கணும். தள்ளிப் போட்டா வெயில் ஏறிடும், விதை கருகிடும். அடுத்த சீசன் முழுக்க கட்டாந்தரையில விழுந்து முட்டியைப் பேத்துக்க வேண்டியதுதான். அப்ப யாரைத் திட்டுவாங்க? செகரட்டரியையா? இவரைத்தான் திட்டுவாங்க.

செகரட்டரி! அந்த ஆளு பேரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரியுது. அந்த ஆளுதான் சார் சொன்னாரு, மெஷினை இறக்குன்னு. மேட்சுக்கு முந்தின நாள், டீ கவுண்டர் பக்கத்துல, நாலு பேர் நிக்கும்போது. நாளையோட இந்த கிரவுண்டுல நமக்கு வேலை முடிஞ்சுது, மறுநாளே ஆரம்பிச்சுடு, விதை மூட்டை வந்து கிடக்குன்னு. நான் சட்டை மடிச்சுக்கிட்டு அங்கதான் நின்னேன். பல்லு குத்திக்கிட்டே சொன்னாரு. இப்பக் கேட்டா, நான் எப்ப சொன்னேன், யாருகிட்ட சொன்னேன்னு ஆகாயத்துக்கும் பூமிக்குமா குதிக்கிறாரு. அந்த நாலு பேரையும் கேட்டுப் பாருங்க. கேட்டீங்களா? அவங்களுக்கும் ஞாபகம் இல்லையாமா? அதானே. கிளப்புல சம்பளம் வாங்கறவனுக்கு ஞாபகம் எங்க இருந்து வரும்?

ஏன் சொன்னாருன்னா கேக்கறீங்க? திமிரு சார். வேற என்ன? ஆடறதுக்கு முன்னாடியே அவரு ஜெயிச்சுட்டாரு. ஃபைனலுக்குப் போட்டுக்கிட்டுப் போகப் புதுக் கோட்டு கூடத் தைக்கக் குடுத்துட்டாரு.

என்ன, புரியலையா? ஜெயிச்சா ஏன் இங்க வேலை முடியுதுன்னா? நீங்க லீக்ல இருந்துதானே வர்றீங்க? ஓ, வக்கீலா? விசாரிக்கறதுக்கு மட்டும் அனுப்பியிருக்காங்களா? ஃபுட்பாலே பாத்தது இல்லையா? நல்லா இருக்கு போங்க. பந்து உருண்டையா சதுரமான்னு தெரியாத ஒருத்தர் கையில எங்க சோத்தைக் குடுத்திருக்காங்க. கோவிச்சுக்காதீங்க, வாய் தவறி வந்துடுச்சு.

இருங்க, காட்டறேன். இந்த டம்ளரைப் பாருங்க. இது நாங்க. சீசன் முழுக்க ஆடி முதல் இடம். இது ரெண்டாவது டீம், இது மூணாவது, இந்த நசுங்கின டம்ளர் நாலாவது. அஞ்சாவதுல இருந்து கீழ இருக்கறவன் எல்லாம் ஊருக்குப் போயாச்சு, அவங்களை விடுங்க. இப்ப முதல் வாரம். ஒண்ணும் ரெண்டும் மோதும். எங்க? எங்க கிரவுண்டுல, ஏன்னா நாங்க முதல். இதுல ஜெயிச்சவன் நேரா ஃபைனலுக்குப் போயிடறான். ஃபைனல் இங்க கிடையாது, உங்க லீக்கோட பெரிய ஸ்டேடியத்துல. நடுவுல ஒரு வாரம் காலை நீட்டிப் படுத்துக்கலாம்.

சரி, தோத்தவன்? வெளிய போக மாட்டான். அதான் கூத்து. அவன் மேல் வரிசை ஆளு இல்ல? ஒரு தடவை வழுக்கி விழலாம், தப்பில்ல, எழுந்திரு ராஜான்னு தூக்கி விடுவாங்க. இந்தப் பக்கம் பாருங்க, மூணும் நாலும். இவங்களும் அதே வாரம் மோதறாங்க. இதுல தோத்தவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஏன்னு கேக்க நாதி கிடையாது. ஜெயிச்சவனாவது நிம்மதியா இருப்பானா? இல்ல. அவன் அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, இந்தப் பக்கம் தோத்தான் பாருங்க, அவன் வீட்டு வாசலுக்கு வரணும். அவன் கிரவுண்டுலயே, அவன் ஆளுங்க கத்தறதுக்கு நடுவுல ஆடணும். அதுல ஜெயிச்சாத்தான் ஃபைனல். நசுங்கின டம்ளருக்குக் கோப்பை வேணும்னா மூணு தடவை ஜெயிக்கணும். எங்களுக்கு? ஒண்ணு தோத்துட்டுக் கூடத் தூக்கிடலாம்.

கேட்டா, அவன் வருஷம் முழுக்க உழைச்சு மேல வந்தான், அதுக்கு ஒரு மரியாதைங்கறாங்க. சரி, மரியாதை. கீழ இருக்கறவன் என்ன வருஷம் முழுக்கத் தூங்கினானா?

இப்ப எங்க கிரவுண்டை மட்டும் பாருங்க சார். டீம் ஜெயிச்சா இங்க இனி மேட்ச் கிடையாது. விதை தூவலாம். தோத்தா, அடுத்த வாரம் இங்க இன்னொரு மேட்ச். ஜெயிச்சா பூட்டு, தோத்தா திருவிழா. வேற எங்கயாவது இப்படி ஒரு தலைகீழ் சமாசாரம் கேள்விப்பட்டிருக்கீங்களா? செகரட்டரி ஜெயிப்போம்னு நினைச்சு வேலையைச் சொல்லிட்டாரு. தோத்தாச்சு. தோத்த உடனே வந்து, இருப்பா, மெஷினை எடுக்காதே, இன்னொரு மேட்ச் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? ஒருத்தன் வரல. எல்லாரும் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு ஒருத்தன் தலையில ஒருத்தன் பழியைக் கட்டிக்கிட்டு இருந்தானுங்க. இவரு சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துல பண்ணாரு. தோத்தாச்சு, சீசன் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டாரு. அப்பாவி மனுஷன் சார். வாயில விரலை வச்சா கடிக்கத் தெரியாது.

என்ன? எனக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கே, அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னா?

நல்லாத்தான் கேக்கறீங்க. வக்கீலாச்சே. நான் வந்து... நான் இப்பத்தான் சார் கத்துக்கிட்டேன். இவ்வளவு ரகளை நடந்ததுக்கு அப்புறம். தெருவுல போறவன் எல்லாம் நின்னு நின்னு விளக்கம் சொல்லித் திட்டிட்டுப் போறானே, கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. முன்னாடி எனக்கு என்ன தெரியும்? சோப்பும் தண்ணியும்தான் தெரியும். போன வருஷம் நாங்க எட்டாவது. அதுக்கு முன்னாடி ஒன்பதாவது. இந்த நாலு டீம் விவகாரம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்தது இல்ல. அப்புறம் இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

எழுதிக்கிட்டீங்களா? நல்லா எழுதிக்கோங்க.

மேட்சா? நான் முழுசாப் பாக்கல. ரெண்டாவது பாதியில ரெண்டு கோல் போட்டான், அவ்வளவுதான். ஆமா, எங்க கீப்பர்தான் விட்டான். எங்க கீப்பர் யாருன்னா... என் பையன்தான் சார். உள்ள படுத்திருக்கான்னு சொன்னேனே, அவன்தான். லேசா அடி. பந்தைப் பிடிக்கத் தாவும்போது எதிர் டீம்காரன் முட்டி தலையில பட்டுடுச்சு. ஓய்வு எடுத்தாச் சரியாயிடும். அதை விடுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க கிரவுண்டைப் பத்தி விசாரிக்கத்தானே வந்தீங்க? கிரவுண்டைப் பத்திக் கேளுங்க.

கேட்டா சொல்றேன், இவங்க எங்களைப் படுத்தின பாட்டை. காலையில கிளறினாரா, பத்து மணிக்கெல்லாம் கூட்டம் கூடிடுச்சு. செகரட்டரி வந்து நடு கிரவுண்டுல நின்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்புறம் இங்க வாசல்ல வந்து பேசினாரே ஒரு பேச்சு, அதெல்லாம் நான் வாயால சொல்ல முடியாது. இவரோட அம்மா வரைக்கும் இழுத்தாரு. அவங்க செத்து வருஷக்கணக்காச்சு, அவங்களுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம்? கேட் சாவி, பம்ப் ரூம் சாவி எல்லாத்தையும் கையில இருந்து பிடுங்கிக்கிட்டாரு. சாயங்காலம் எவனோ நாலு பேர் கிளறின மண்ணையே அள்ளிக்கிட்டு வந்து கதவுல எறிஞ்சானுங்க. பாருங்க, இன்னும் கறை போகல. நானும் தேச்சுத் தேச்சுப் பாக்கறேன். துணியில இருந்தா எடுத்துடுவேன், சுவத்துல இருந்து எடுக்கத் தெரியல.

இந்த வீடு எங்களோடது இல்ல சார். வேலையோட சேந்து வந்தது. ரெண்டு ரூம், கேலரியோட முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கு. மேட்ச் நடக்கும்போது மேல காலைத் தட்டினா இங்க பாத்திரம் ஆடும். ஆனா எங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது. வேலை போனா மறுநாள் பாயைச் சுருட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கணும். அதுவும் இந்த நிலைமையில, உள்ள ஒருத்தனைப் படுக்க வச்சுக்கிட்டு. அதுக்காகத்தான் சார் உங்ககிட்ட இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசறேன். வேணும்னு பண்ணல, அறியாமப் பண்ணிட்டாரு. அதை மட்டும் நீங்க சரியா எழுதிட்டாப் போதும்.

என்ன, செகரட்டரியும் அதையேதான் சொன்னாரா? ஆமா ஆமா, நேத்து சாயங்காலம் இங்க கூட வந்தாரு. இல்ல, சண்டைக்கு இல்ல. அதான் எனக்கே ஆச்சரியம். கையில ஒரு பை நிறையப் பழம். உள்ள வந்து இதே நாற்காலியில உக்காந்து, தங்கச்சி தங்கச்சின்னு தேன் ஒழுகப் பேசினாரு. முந்தா நாள் வரைக்கும் நான் அவருக்கு ஏய்தான். கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே, நாளைக்கு ஒரு வக்கீல் வருவாரு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிடுங்க, வேலையும் பத்திரம், வீடும் பத்திரம்னாரு. சொல்லிக் குடுத்தாருன்னு நினைக்காதீங்க. உள்ளதைத்தானே சொல்லச் சொன்னாரு? எப்படியோ, மனுஷனுக்கு லேசா மனசாட்சி உறுத்தியிருக்கும்னு நானும் நினைச்சுக்கிட்டேன்.

முடிஞ்சுதா? அவ்வளவுதானா? ரொம்ப சந்தோஷம் சார். அப்ப அவரு வேலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல? கிளப் மேலயும் தப்பு இல்லையா? சரி, அது எப்படியோ போகட்டும், எங்களுக்கு...

மேட்சா?

எந்த மேட்ச்?

இல்ல சார், நீங்க ஏதோ குழப்பிக்கிறீங்க. அந்த மேட்ச் இல்லன்னு ஆயிடுச்சு. கிரவுண்டு இல்ல, அதனால நாங்க வெளிய. மூணாவது டீம் ஆடாமலே ஃபைனலுக்குப் போயாச்சு. அன்னைக்கே சொன்னாங்களே. அதுக்குத்தானே இவ்வளவு கலவரமும், கதவுல மண்ணும்!

நிறுத்தி வச்சிருக்காங்களா. உங்க விசாரணை முடியற வரைக்கும்.

திரும்ப ஒரு தடவை சொல்லுங்க சார். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. கிளப் ஆளு தெரிஞ்சே கிரவுண்டைக் கெடுத்திருந்தா, மேட்ச் எதிர் டீமுக்கு. தெரியாமக் கெடுத்திருந்தா, மழை பேஞ்சு கெட்ட மாதிரி கணக்கு. வேற கிரவுண்டுல மேட்ச் நடக்கும். எப்ப?

நாளை மறுநாளா?

ஓ. அதான் பழமா.

அதான் தங்கச்சியா. வந்து உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வேற. போகும்போது பையனைப் பாக்கணும்னு உள்ள எட்டிப் பாத்துட்டு, முகத்துல தெளிவு வந்துடுச்சேன்னு சொல்லிட்டுப் போனாரு சார். நானும் அக்கறைன்னு நினைச்சு வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தேன். சரக்கு எப்படி இருக்குன்னு பாக்க வந்திருக்கான் பாவி. என் வாயாலயே சொல்ல வச்சு, என் புள்ளையை என் கையாலயே...

எந்திரிக்காதீங்க. உக்காருங்க சார். நீங்க எழுதினதை அடிச்சுடுங்க.

அடிங்கன்னு சொல்றேன் இல்ல. அவரு தெரிஞ்சேதான் கிளறினாரு.

ஆமா, பொய்தான் சொன்னேன். இவ்வளவு நேரமும் பொய். அவருக்குத் தெரியாதாம்! இந்த லீக்ல எந்த மேட்ச் எந்த கிரவுண்டுல, எப்ப ஓய்வு, எப்ப வேலைன்னு அவரைவிடத் தெரிஞ்சவன் யாரு இருக்கான்? அதை வச்சுத்தானே தண்ணி விடறதும் புல்லு வெட்டறதும். எனக்கு இந்த நாலு டீம் கணக்கைச் சொல்லிக் குடுத்ததே அவருதான். எட்டாவது வந்த வருஷத்துலயும் சொல்லுவாரு. அவரு வாயைத் திறந்து நாலு வார்த்தை சேந்தாப்ல பேசறது அதுக்கு மட்டும்தான்.

செகரட்டரி மெஷினை இறக்கச் சொன்னது நிஜம். ஆனா தோத்தா அது செல்லாதுன்னு அவருக்குத் தெரியும். நல்லாத் தெரியும்.

லேசா அடின்னு சொன்னேனே, அதுவும் பொய். முட்டி பட்டதும் அப்படியே கிடந்தான் சார். அப்புறம் எழுந்தான். எழுந்ததும் ஆடுன்னுட்டாங்க, ஆடினான். ரெண்டாவது கோல் போகும்போது அவன் பந்தையே பாக்கல, கேலரியைப் பாத்துக்கிட்டு நின்னான். ஜனங்க அவனைத் திட்டிச்சு. நானும் ஐயோ என்னடா பண்றேன்னு மனசுக்குள்ள திட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரம்மா தெளிவாச் சொன்னாங்க. மூளை குலுங்கியிருக்கு, இது ஆற நாளாகும், அதுக்குள்ள இன்னொரு அடி, சின்னதா விழுந்தாக்கூட, ஆளே இருக்க மாட்டான்னு. சுத்தி வளைக்கல சார், இருக்க மாட்டான்னேதான் சொன்னாங்க.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அம்மா, மேட்ச் என்னாச்சுன்னு கேட்டான். தோத்துட்டோம்டான்னேன். முகம் அப்படியே செத்துப் போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, அம்மா, மேட்ச் என்னாச்சு? மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அதே முகம். கேட்டுக்கிட்டே இருந்தான் சார். ஒவ்வொரு தடவையும் புதுசாத் தோத்தான். கடைசியில ஜெயிச்சுட்டோம்னு சொல்லிட்டேன், பாக்க முடியல.

அப்பத்தான் கோச்சும் செகரட்டரியும் வந்தாங்க. அவங்க முன்னாடியும் அதையே கேட்டான். எங்க வீட்டுக்காரர் அவங்களை வெளிய கூட்டிட்டுப் போயி டாக்டர் சொன்னதைச் சொன்னாரு. அவரு அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல. கோச்சு, டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க, ஒரு வாரம் இருக்குல்ல, தலையில பட்டை கட்டி விடறேன்னாரு. வேற கீப்பர் இல்ல, இருந்தவனும் பாதி சீசன்லயே வேற கிளப்புக்குப் போயிட்டான். செகரட்டரி என்ன சொன்னாரு தெரியுமா? தோத்தது ஞாபகம் இல்லாம இருக்கறதும் ஒரு வகையில நல்லதுதான், பயம் இல்லாம ஆடுவான்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு சார். நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்.

அவனே மாட்டேன்னு சொல்லலாமேன்னு கேக்கறீங்க. சொல்லுவானா? தோத்தது இப்ப அவனுக்கு ஞாபகத்துல நின்னுடுச்சு, ஆடறேன்னு குதிக்கிறான். என்னாலதான் தோத்துச்சு, நான்தான் சரி பண்ணணுங்கறான். இன்னைக்கும் எழுந்து நடந்தா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறான், ஜன்னல் வெளிச்சம் கண்ணுல பட்டா வாந்தி வருது, ஆனா ஆடுவானாம். வளந்த ஆளைக் கட்டியா போட முடியும்? தோத்தவனுக்கு இன்னொரு மேட்ச் உண்டுன்னு உங்க லீக் சொல்லி வச்சிருக்கே. அவன் அதை நம்பிக்கிட்டு இருக்கான்.

எங்க வீட்டுக்காரர் என்ன நினைச்சாரோ, என்கிட்டக் கூடச் சொல்லல. மறுநாள் காலையில மெஷின் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். நடுவுல இருந்து ஆரம்பிச்சுக் கோல் முன்னாடி வந்து, அந்த இடத்துல மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டு இருந்தாரு. பையன் படுக்கையில இருந்து என்னம்மா சத்தம்னு கேட்டான். அப்பா வேலை பாக்கறாருடான்னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்திட்டேன். அந்தப் புல்லு அவருக்கு என்னன்னு எனக்குத் தெரியும் சார். வெறும் காலோட நடந்து பாத்து வளத்தது.

தெரிஞ்சே கெடுத்தாருன்னு எழுதுங்க. அவரு இப்ப வந்துடுவாரு, நீங்களே கேளுங்க, ஆமான்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவாரு. அந்தப் பயத்துலதான் கடைக்கு அனுப்பினேன். மேட்ச் அவங்களுக்கே போகட்டும். அந்த மூணாவது டீம் நல்லா இருக்கட்டும், கோப்பையையும் தூக்கிக்கிட்டுப் போகட்டும்.

தெரியும் சார், வேலை போகும். அதுல எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. வேற ஒண்ணுதான் கேக்கணும். வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் விடுவாங்க? ரொம்ப வேண்டாம். அவனை உக்கார வச்சு வண்டியில கூட்டிட்டுப் போற அளவுக்குத் தேறிட்டான்னாப் போதும். குலுங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அதான்.